குஷ் நாட்டைக் கட்டியவர்கள் யார்?

(நம் கல்விக் கழகத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரலாற்று ஆசிரியனாகப் பல்லாண்டுகள் எகிப்து பற்றிய பாடத்தை நடத்தியிருக்கிறேன். பிரமிடுகள், மம்மிகள், நைல் நதியின் கொடை என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அந்த நதி எகிப்துக்குள் நுழையுமுன் எந்த மக்களின் வயல்களைக் கடந்து வருகிறது என்று எந்த மாணவனும் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்குறையை ஓரளவேனும் தீர்த்துக்கொள்ள எண்ணியே இப்பொருளைத் தேர்ந்தெடுத்தேன்.

எகிப்தின் தென்பகுதியில் உள்ள அஸ்வான் நகரிலிருந்து தெற்கே, இன்றைய சூடானின் வடபகுதி முழுவதும் நைல் நதிக்கரையில் பரந்து கிடந்த நிலமே பண்டைய நூபியா. எகிப்தியர் அதனை 'வில்லின் நாடு' என்று அழைத்தனர். அங்குள்ள வில்லாளிகளைத் தம் படையிலும் சேர்த்துக்கொண்டனர். பொன்னும் தந்தமும் கருங்காலியும் அவ்வழியேதான் எகிப்துக்குச் சென்றன. இத்தனையும் பெற்றுக்கொண்ட எகிப்திய மன்னர்கள், 'குஷ்' என்னும் அந்நாட்டின் பெயரைக் கல்வெட்டுகளில் பொறிக்கும்போது பெரும்பாலும் 'இழிந்த குஷ்' என்றே பொறித்தனர். துட்டன்காமன் என்னும் மன்னனின் கல்லறையில் கிடைத்த மிதியடிகளில், கைகள் கட்டப்பட்ட நூபியனின் உருவம் தீட்டப்பட்டிருக்கிறது. மன்னன் அடியெடுத்து வைக்குந்தோறும் அவ்வுருவம் மிதிபட வேண்டும் என்பது கருத்து. இதைப் படித்தபோது என் மனம் என்ன பாடுபட்டது என்பதை இவ்வவையில் விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்த 'இழிந்த' நாட்டின் நிலையைக் காண்போம். ஏறத்தாழ கி.மு. 2500 முதல் கி.மு. 1500 வரை கெர்மா என்னும் நகரம் அங்கே தலைநகராக விளங்கியது. சுடாத மண்செங்கற்களால் எழுப்பிய அதன் பெருங்கோயில், இன்றும் 18 மீட்டர் அளவு உயரத்தில் நிற்கிறது. சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த அந்நகரத்து மட்கலங்கள், முட்டையோடு போல் மெல்லியவை. மேற்புறம் கருமையும் கீழ்ப்புறம் செம்மையும் கொண்டவை.

1913 முதல் 1916 வரை அங்கே அகழாய்வு செய்தவர் ஜார்ஜ் ரைஸ்னர் என்னும் அமெரிக்க அறிஞர். தோண்டுவதில் அவர் வல்லவர். ஆயினும் பெரிய புதைமேடு ஒன்றில் எகிப்திய ஆளுநர் ஒருவரின் சிலை கிடைத்ததும், இது எகிப்தியர் அமைத்த வணிகக் குடியேற்றம், இங்கே புதைக்கப்பட்டவர்கள் எகிப்திய ஆளுநர்களே என்று முடிவு கட்டிவிட்டார். கருநிற மக்களால் இவ்வளவு செய்ய இயலும் என்னும் எண்ணத்துக்கே அவர் மனத்தில் இடமில்லை. வேற்று நாட்டுச் சிலை, கொள்ளைப் பொருளாகவோ வணிகப் பொருளாகவோ வந்திருக்கலாம் அல்லவா? சார்லஸ் பொன்னே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் 1970-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் அங்கேயே தங்கித் தோண்டினார். கோட்டை மதில், கோயில்கள், வீடுகள், அரசன் அவை கூட்டிய பெரிய வட்டக் குடில் ஆகியவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. அது குஷ் மன்னர்கள் தாமே கட்டி ஆண்ட நகரம் என்பது உறுதியாயிற்று. ஒரு தவறான முடிவைத் திருத்த அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

நம் நாட்டவரும் நூபிய மண்ணைத் தோண்டியிருக்கிறார்கள். அஸ்வான் பேரணையால் நிலம் மூழ்கவிருந்த வேளையில், 1961–62-இல் பி. பி. லால் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறைக் குழு ஒன்று அஃபியே என்னும் இடத்தில் அகழாய்வு செய்தது. நூபியாவின் கருப்பு-சிவப்பு மட்கலங்களை நம் தென்னாட்டுப் பெருங்கற்காலக் கலங்களோடு லால் ஒப்பிட்டு எழுதினார். ஒப்புமை வேறு, உறவு வேறு. அதைக் கொண்டு நாம் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை. அணை எழுந்தபோது அபு சிம்பெல் கோயிலைக் கல் கல்லாக அறுத்து மேட்டில் நிறுத்திக் காத்தார்கள். எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர்களோ, தம் ஊர்களை நீருக்குக் கொடுத்துவிட்டு வேற்றிடம் போனார்கள்.

நிற்க. கி.மு. 1500 அளவில் எகிப்தியரிடம் வீழ்ந்த குஷ், கி.மு. எட்டாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. பியே என்னும் அதன் மன்னன் எகிப்தையே வென்றான். ஜெபல் பர்கல் என்னுமிடத்தில் 1862-இல் கண்டெடுக்கப்பட்ட அவனது வெற்றிக் கல்வெட்டு படிக்கப் படிக்கச் சுவையானது. சரணடைந்த நகரொன்றில் இலாயத்துக்குச் சென்று, முற்றுகையில் பட்டினி கிடந்த குதிரைகளைக் கண்டு உள்ளம் நொந்தான் என்கிறது அது. அதே கல்வெட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பணிய வந்த சிற்றரசர் நால்வரில் மூவரை, விருத்தசேதனம் செய்யாதவர், மீன் உண்பவர் என்று காரணம் காட்டி அரண்மனைக்கு வெளியே நிறுத்திவிட்டான். மீன் உண்ணாத ஒருவரே உள்ளே சென்றார். இழிந்தவன் என்று பெயர் சூட்டப்பட்ட நாட்டான், வாயிலில் நின்று தூய்மை பார்த்தான்! பியேவின் வழியினர் எகிப்தைச் சில தலைமுறை ஆண்டு, பின்னர் அசீரியரின் படையெடுப்பால் தெற்கே திரும்பினர்.

அதன்பின் மெரோவே நகரம் சிறந்தது. நூபியாவில் உள்ள பிரமிடுகள் 200-க்கும் மேற்பட்டவை. உருவில் சிறியவையானாலும் எண்ணிக்கையில் எகிப்தை விஞ்சுபவை. அந்நாட்டில் பெண்களும் அரியணை ஏறினர். ஒற்றைக் கண் அரசி என்று கிரேக்க ஆசிரியர் ஸ்டிராபோ குறிப்பிடுபவர் அமனிரேனாஸ் என்பர். கி.மு. 25-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உரோமப் பேரரசோடு குஷ் போரிட்டது. இறுதியில் பேரரசர் அகஸ்டஸ் உடன்படிக்கை செய்துகொண்டு, விதித்த திறையையும் நீக்கினார். அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்று 1910-இல் மெரோவேயில் கிடைத்தது. எங்கே தெரியுமா? ஒரு கோயிலின் வாயிற்படிக்கு அடியில், ஏறுவோர் இறங்குவோர் அனைவரும் மிதிக்கும்படி புதைத்திருந்தார்கள்.

அப்போரைப் பற்றி விரிவாக நமக்குத் தெரிவதெல்லாம் உரோமர் பக்கத்துச் செய்தியே. குஷ் மக்கள் தமக்கென 23 குறிகள் கொண்ட எழுத்து முறை ஒன்றை ஆக்கிக்கொண்டனர். கிரிஃபித் என்னும் ஆங்கில அறிஞர் 1911 அளவில் அக்குறிகளின் ஒலிகளைக் கண்டறிந்தார். ஆகவே வாய்விட்டு வாசிக்கலாம்; மொழியின் பொருள்தான் இன்னும் முழுமையாக விளங்கவில்லை. ஹமதாப் என்னுமிடத்தில் கிடைத்த பெரிய கல்வெட்டு லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உரோமரோடு நடந்த போரைப் பற்றி அவ்வரசி தரப்பில் பொறித்ததாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். அமனிரேனாஸ் என்னும் பெயரை அதில் தெளிவாகப் படிக்க முடிகிறது. மற்ற வரிகளில் பெரும்பாலானவை, பொருள் சொல்ல வருபவருக்காக இன்னும் காத்திருக்கின்றன.