வணிகவியலில் டாக்டர் பட்டம்

சென்ற ஆண்டில் ஒரு மாலை, என்னிடம் முன்பு பள்ளியில் படித்த ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். எம்.காம். பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருப்பவர். டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம்கூட முடியவில்லை. "ஐயா, பணம் கொடுத்தால் ஆய்வேட்டையே எழுதித் தருவதாக ஒருவர் சொல்லுகிறார். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று தயங்கிக் கேட்டார்.

நான் உடனே விடை கூறவில்லை. "அந்தப் பட்டத்துக்கு என்னென்ன வேண்டும், தம்பி? வரிசையாகச் சொல், கேட்போம்" என்றேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்களிலும் சிலர் நாளை அந்த வழியில் செல்லக்கூடும் அல்லவா?

2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, முதுகலைப் படிப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் இவ்வாராய்ச்சிக்கு மனுச் செய்யலாம். நான்காண்டு இளங்கலைப் படிப்பில் 75 விழுக்காடு பெற்றவரும் நேராக மனுச் செய்யலாம். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் முதலியோருக்கு 5 விழுக்காடு சலுகை உண்டு. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வோ தேசியத் தகுதித் தேர்வோ எழுதி, நேர்காணலிலும் தேறுதல் வேண்டும். சேர்ந்தபின், ஆராய்ச்சி முறையும் ஆராய்ச்சி ஒழுக்கமும் அடங்கிய, குறைந்தது 12 கிரெடிட் அளவுள்ள பாடங்களைப் படித்துத் தேற வேண்டும். பருவந்தோறும் ஆலோசனைக் குழுவின் முன் தம் வேலையை எடுத்துரைக்க வேண்டும். குறைந்த காலம் 3 ஆண்டுகள். மிகுந்த காலம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், குறைபாடு 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் உண்டு. முடிவில், வெளியிலிருந்து குறைந்தது இரு தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்து மதிப்பிடுவார்கள். பிறகு வாய்மொழித் தேர்வு.

இவற்றையெல்லாம் அவர் பிழையின்றி ஒப்பித்தார். "நல்லது. நீ அறிய விரும்புவது என்ன?" என்று கேட்டேன். அவர் மௌனமானார்.

"மளிகை வணிகர்களின் கடன் நிர்வாகம்" என்பது அவருடைய தலைப்பு. தலைப்பு இருந்ததேயன்றிக் கேள்வி இல்லை. "உன் தகப்பனார் மளிகைக் கடை வைத்திருந்தாரே!" என்று நினைவூட்டினேன். அப்போதுதான் அவர் மனம் திறந்து பேசினார். அவர் தந்தையார் தெருவுக்கெல்லாம் கடன் கொடுத்தார், கடை நிலைத்தது. எதிர்வரிசையில் இருந்தவரும் அதே மக்களுக்குக் கடன் கொடுத்தார். அவர் கடை மூடப்பட்டது. ஏன் அப்படி என்று தாம் சிறுவயதில் பலநாள் யோசித்ததுண்டு என்றார்.

"அதுவே உன் கேள்வி. அதை வேறொருவன் உனக்காக எப்படி எழுதுவான்?" என்றேன்.

பிறகு இருவரும் உட்கார்ந்து வழிமுறையை ஆராய்ந்தோம். கடைக்காரர்களின் இசைவு பெற்று, பற்று வரவு நோட்டுகளைப் பார்க்க வேண்டும். தெரிந்தவர் கடைகளை மட்டும் நாடாமல், ஒரு முறைப்படி கடைகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். இன்று நடக்கும் கடைகளை மட்டும் பார்த்தால் பாதி உண்மையே கிடைக்கும். மூடிய கடைகளின் உரிமையாளரையும் தேடிப் போக வேண்டும். இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிவு செய்தலும் ஆகாது.

களவு எழுத்தைப் பற்றியும் விதி உண்டு. 2018ஆம் ஆண்டு மானியக் குழு வகுத்த விதிகளின்படி, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் ஆராய்ச்சிப் பதிவே ரத்தாகும். கூலிக்குப் புதிதாக எழுதிய ஏடு அந்தக் கணிப்பொறிச் சோதனையில் தப்பவும் கூடும். ஆனால் அதன்பின் அவர் முப்பது ஆண்டுக்காலம் வகுப்பறையில் நின்று, "சொந்தமாகச் சிந்தித்து எழுதுங்கள்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமே! இதையும் அவரிடம் சொன்னேன். அவர் விடை பெறும்போது, "இன்னும் மூன்றாண்டு இருக்கிறது, ஐயா" என்றார்.

சென்ற மாதம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. விடுமுறை நாட்களில் கடை கடையாகச் செல்லுகிறாராம். சிலர் நோட்டைக் காட்ட மறுத்து அனுப்பிவிட்டார்களாம். எதிர்வரிசைக் கடைக்காரரை வேறோர் ஊரில் கண்டுபிடித்துவிட்டாராம். அந்த முதியவர் தம் பழைய கடன் நோட்டுகளை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்களாம். பட்டம் இன்னும் கிடைக்கவில்லை. முதல் அத்தியாயம் முடிந்துவிட்டது.

மாணவ மாணவியரே, மதிப்பெண்ணையும் கால வரம்பையும் விதிப் புத்தகத்தைப் பார்த்து எவரும் அறிந்துகொள்ளலாம். உங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் உங்களுக்கு விளங்காத செய்தி எது என்பதை இன்றே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.