குந்தவை என்ன துணி கட்டினாங்க?

போன வாரம் எபிசோட் வரல. ஆபீஸ்ல ரிலீஸ், ரெண்டு நாள் தூக்கமே இல்ல, மன்னிச்சிருங்க. இந்த வாரம் சோழர் காலத்துப் படத்துக்கு உடை எப்படி டிசைன் பண்றாங்கங்கிறதுதான் விஷயம். ஆனா தொடங்குறது எங்க அப்பாயிகிட்ட இருந்து.

2022 செப்டம்பர் கடைசியில 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தப்ப, லால்குடியில இருந்து மொத்தக் குடும்பமும் கார் பிடிச்சு திருச்சிக்குப் போய்ப் பார்த்தோம். எங்களுக்கு அது கொஞ்சம் சொந்தக் கதை மாதிரி. படத்துல மோகன் ராமன் பண்ண அநிருத்த பிரம்மராயர் நிஜ மனுஷன். ஊரு அன்பில். லால்குடியில இருந்து பஸ்ல அரை மணி நேரம் கூட ஆகாது. சுந்தர சோழர் அவருக்கு நிலம் குடுத்த செப்பேடு அன்பில் செப்பேடுன்னே பேர் வாங்கியிருக்கு. அதனால அப்பா தியேட்டர்லயே "நம்ம ஊர்க்காரர்டா"ன்னு சத்தமா சொல்லிட்டு இருந்தார். த்ரிஷா குந்தவையா வந்து நின்னாங்க. எல்லாரும் வாயைப் பொளந்து பார்க்குறோம். பக்கத்துல அப்பாயி மெதுவா கேட்டாங்க: "ஏன் சாமி, அப்பவே ரவிக்கையெல்லாம் இருந்துச்சா? எங்க அம்மாவே சாகுற வரைக்கும் ரவிக்கை போட்டதில்லையே."

எனக்கு பதில் தெரியல. அந்தக் கேள்வி மண்டையில பக் மாதிரி உட்கார்ந்துருச்சு.

ஒரு காஸ்ட்யூம் டிசைனரோட இடத்துல நின்னு யோசிங்க. 'பொன்னியின் செல்வ'னுக்கு டிசைனர் ஏகா லகானி. மணிரத்னத்தோட 'ஓ காதல் கண்மணி', 'காற்று வெளியிடை' எல்லாம் அவங்கதான். அதுல சிக்கல் இல்ல, இன்னைக்கு மனுஷங்க என்ன போடுறாங்கன்னு தெருவுல பார்க்கலாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடின்னா எங்க போய்ப் பார்ப்பீங்க?

முதல்ல கோயில். லால்குடி சப்தரிஷீஸ்வரர் கோயிலுக்கு சின்ன வயசுல இருந்து போறேன், ஆனா சுவர் மாடத்துல இருக்குற சோழர் காலச் சிற்பங்களைத் துணிக்காகப் பார்த்தது போன வருஷம்தான். போன் கேமராவை ஜூம் பண்ணிப் பார்த்தா நகை நல்லாத் தெரியுது. கழுத்தணி எத்தனை வரிசை, தோள்ல என்ன, இடுப்புல என்னன்னு ஓரளவு எண்ணிடலாம். துணி? தொடையில ரெண்டு மூணு கோடு, இடுப்புல ஒரு முடிச்சு, பக்கவாட்டுல தொங்குற ஒரு முனை. அவ்வளவுதான். நிறம் இல்ல, பருத்தியா பட்டான்னு தெரியாது, எவ்வளவு நீளம்னும் தெரியாது.

நகைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு. நான் கொஞ்சம் எமோஷனல் ஆகுற இடம் இது, பொறுத்துக்கங்க. ராஜராஜன் தான் குடுத்தது, அக்கா குந்தவை குடுத்தது, மத்தவங்க குடுத்ததுன்னு எல்லாத்தையும் கல்லுல வெட்ட வெச்சிருக்கார். ஒரு நகையில எத்தனை முத்துன்னு எண்ணிக்கை இருக்கு. அந்த முத்துலயும் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், சப்பத்தின்னு வகை வகையாப் பிரிச்சிருக்காங்க. வைரத்துல விரிசல் இருக்கா, கறுப்புப் புள்ளியா சிவப்புப் புள்ளியா, அதுவும் இருக்கு. கோத்த நூலு, உள்ள வெச்ச அரக்கு வரைக்கும் கணக்கு. எடை கழஞ்சு, மஞ்சாடியில. நகையை நிறுக்குறதுக்குன்னே தட்சிணமேரு விடங்கன்னு பேர் வெச்ச ஒரு எடைக்கல். எங்க கம்பெனியில லேப்டாப் எத்தனை இருக்குங்கிற லிஸ்ட்டே மூணு எக்செல்ல மூணு விதமா இருக்கும்!

ஆனா இந்த நகையெல்லாம் சாமி சிலைகளுக்குக் குடுத்தது. குந்தவை தன் கழுத்துல போட்டது இல்ல. அதே கல்வெட்டு அவங்களை வந்தியத்தேவர் மகாதேவியார்னு சொல்லுது. யாரோட மனைவின்னு தெரியுது, என்ன கட்டினாங்கன்னு தெரியல.

துணி நம்ம ஊர் ஈரத்துல ஆயிரம் வருஷம் தாங்காது. எகிப்துல ஃபுஸ்தாத்ங்கிற பழைய நகரத்துல, இடைக்காலத்து இந்தியப் பருத்தித் துணிகள் கிடைச்சிருக்கு. பெரும்பாலும் குஜராத்துல அச்சடிச்சது. அங்க காஞ்ச மண்ணு காப்பாத்திக் குடுத்துச்சு. காவிரிக் கரை அப்படிக் காப்பாத்தல.

மிச்சம் இருக்குறது ஓவியம். பெரிய கோயில் கருவறையைச் சுத்தின உள் சுற்றுல, நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில சோழர் ஓவியம் இருக்குன்னு 1931ல எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடிச்சார். அதுல ஆடுற பெண்கள் உடம்பு முழுக்க நகை, இடுப்புல மெல்லிய துணி, மேல ஒண்ணும் இல்ல. ராஜராஜன்னு பொதுவா சொல்ற உருவமும் சட்டை இல்லாமதான், தாடி வெச்ச கருவூர்த் தேவர் பின்னாடி நிக்குது.

அப்போ எல்லாரும் மேலாடை இல்லாமதான் இருந்தாங்களா? அப்படித் தாவிட முடியாது. சிற்பியும் ஓவியரும் ஒரு மரபுப்படி செய்யுறாங்க, போட்டோ எடுக்கல. சில சிற்பங்கள்ல மார்புக் கச்சு தெளிவா இருக்கு. தைச்ச துணியே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. சங்க கால முல்லைப்பாட்டுலயே சட்டை போட்ட யவனர் வர்றாங்க. ஆனா இன்னைக்கு நாம பாரம்பரியம்னு சொல்லி மாட்டுற அளவெடுத்துத் தைச்ச ஜாக்கெட் அந்தச் சுவர்கள்ல எனக்கு எங்கயும் தெரியல.

அதனால டிசைனர் கையில ரெண்டு ஃபைல். நகை ஃபைல்ல முத்து எண்ணிக்கை வரைக்கும் இருக்கு. துணி ஃபைல் கிட்டத்தட்ட காலி. ஆனா ஸ்க்ரீன்ல முக்கால்வாசி தெரியப்போறது துணி! அந்தக் காலியை அந்தந்தக் காலம் தன்னோட ருசியில நிரப்புது. 1973ல வந்த 'ராஜராஜ சோழன்', சிவாஜி நடிச்சது, தமிழோட முதல் சினிமாஸ்கோப். அது நாடக மேடையில இருந்து வந்த ராஜா. பளபளப்பு வேணும், கடைசி வரிசைக்கும் தெரியணும். காலேஜ்ல நான் வந்தியத்தேவனா நடிச்சப்ப வாடகைக்கு எடுத்த வெல்வெட், ஜிகினா டிரெஸ்ஸும் அந்த வம்சம்தான். மே மாசம். உள்ள வெந்துட்டேன். 'பொன்னியின் செல்வ'ன்ல அந்த ஜிகினா போயிடுச்சு, நெசவு தெரியுற துணி வந்துச்சு, நகை ஹைதராபாத் கிஷன்தாஸ்ல செஞ்சது. எனக்குப் பிடிச்சது 2010ல வந்த 'ஆயிரத்தில் ஒருவன்'. பார்த்திபனோட சோழன் உடம்புல இருக்குற துணி அழுக்கா, நைஞ்சு இருக்கும். சினிமாவுல அந்த அழுக்கும் ஒரு வேலை. புதுத் துணியை டீத்தண்ணில நனைச்சு, உப்புக் காகிதத்தால தேய்ச்சுப் பழசாக்குவாங்க. சண்டைக் காட்சின்னா ஒரே டிரெஸ்ல நாலஞ்சு செட் வேணும்.

நிரப்புறது தப்பே இல்ல. படம்னா நிரப்பித்தான் ஆகணும். ஆனா பத்து வருஷத்துல நிரப்பினதே ஆதாரம் ஆயிடுது. என் சித்தப்பா பொண்ணு ஃபேஷன் டிசைன் படிக்கிறா. காலேஜ் கல்ச்சுரல்ஸ்க்கு சோழ இளவரசி உடை. அவ கோயில் கோயிலாப் போய் ஸ்கெட்ச் போட்டு, மார்புக் கச்சும் மடிப்பு வெச்ச கீழாடையும் தோள்ல ஒரு மெல்லிய துணியும்னு பண்ணியிருந்தா. ரிகர்சல்ல பார்த்துட்டு, இது நம்ம கலாசாரம் இல்ல, சினிமாவுல குந்தவை இப்படியா இருந்தாங்கன்னு கேட்டாங்களாம். முழுக்கை ஜாக்கெட் போட்டாத்தான் மேடைன்னு முடிவு. போட்டா. பரிசும் வாங்கினா. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல.

எனக்கு அதுல கோவம் ஜாக்கெட் மேல இல்ல. மேடையில பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பு பத்தின கவலைன்னு சொல்லியிருந்தா, சரி, அது ஒரு நியாயமான பேச்சு. அவங்க அதை வரலாறுன்னு சொன்னாங்க. சுவரைப் பார்த்து வரைஞ்சவளுக்குப் படத்தை ஆதாரமாக் காட்டினாங்க.

அப்பாயிகிட்ட அந்த ஸ்கெட்சைக் காட்டினோம். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "கொசுவம் தப்பா வெச்சிருக்கே, நடந்தா அவுந்துரும்"னு எழுந்து, ஒரு பழைய நூல் சேலையை எடுத்து, அவங்க அம்மா வயலுக்குப் போகக் கட்டுன மாதிரி எனக்கே சுத்திக் காட்டினாங்க. பின் இல்ல, நாடா இல்ல. வீட்டுக்குள்ள ஓடிப் பார்த்தேன், அவுறல. தங்கச்சி வீடியோ எடுத்தா. மூணாவது சுத்து வரும்போது அவ சிரிச்சதுல கேமரா ஆடி, அந்த முடிச்சு மட்டும் சரியா விழல. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப திரும்ப எடுக்கணும்.

உங்க வீட்டுல இப்படிப் பழைய கட்டு தெரிஞ்சவங்க இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.