கோல் கம்பமும் கொடிக் கம்பமும்

(படிப்பகமொன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

பந்தாடி முடித்த களைப்போடும், கால்களிலே படிந்த புழுதியோடும் வந்து அமர்ந்திருக்கும் இளந்தோழர்களே!

மேடைக்கு வருமுன்னர் உங்களில் ஒருவர் என்னை நிறுத்தினார். "அண்ணே! கொடுங்கோலர் ஆளும் நாட்டிலிருந்து ஒரு கால்பந்துக் குழு வருகிறது. அதனை அழைத்து, ஆடுகளம் தந்து, ஆரவாரம் செய்யலாமா? ஆள்பவன் செய்த குற்றத்துக்கு ஆடுபவன் என்ன செய்வான்? பந்து என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். பேசுவதற்கென எண்ணிவந்த பொருளை மடித்துப் பையிலே போட்டுவிட்டேன். இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டேன். கல்லூரிப் படிப்பைக் கடைசிவரை கண்டவனல்ல நான். ஆகவே சூத்திரம் சொல்லமாட்டேன். நடந்த கதைகளைச் சொல்கிறேன்.

1935-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4-ஆம் நாள். இலண்டன் மாநகரின் வடபகுதியிலே டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கழகத்தின் ஆடுகளம். இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் பந்தயம். யூதரைக் குடியுரிமையற்றவராக்கிய நூரம்பர்க் சட்டங்கள் பிறந்து அப்போது மூன்று திங்கள்கூட நிறையவில்லை. டாட்டன்ஹாம் கழகத்தின் ரசிகர்களிலோ யூதர் ஏராளம். வாரந்தோறும் காசு கொடுத்து, கைதட்டி, அந்தக் கழகத்தை வளர்த்தவர்களின் வாசலிலேயே, அவர்தம் உறவினரை வதைப்பவனின் விருந்தாளிகளை வரவழைத்தார்கள்!

தொழிற்சங்கக் காங்கிரசு பொங்கி எழுந்தது. அதன் பொதுச் செயலாளர் வால்ட்டர் சிட்ரின், "ஜெர்மனியிலே விளையாட்டு என்பது ஆட்சியின் ஓர் உறுப்பு, இது வெறும் பந்தயமன்று" என்று எடுத்துரைத்தார். யாரிடம்? உள்துறை அமைச்சர் சர் ஜான் சைமனிடம். ஆமாம் தோழர்களே, அதே சைமன்தான்! 1928-இல் கமிஷன் ஒன்றுக்குத் தலைமையேற்று இந்நாட்டுக்கு வந்து, ஊர் ஊராகக் கருப்புக்கொடி கண்டு சென்றாரே, அவரேதான். "இது விளையாட்டு, இதில் அரசியல் இல்லை" என்றார் அந்தக் கனவான்.

அரசியல் இல்லையாம்! கப்பலேறி, ரயிலேறி, ஏறத்தாழப் பத்தாயிரம் ஜெர்மானியர் வந்திறங்கினர். ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று வலக்கை நீட்டி வணங்கினர். டாட்டன்ஹாம் அரங்கின் கூரைமேலே சுவஸ்திகக் கொடி பறந்தது. கூட்டத்திலிருந்து ஒரு தொழிலாளி விறுவிறுவெனக் கூரைமீதேறினான், கொடிக் கயிற்றை அறுத்தான், கொடி விழுந்தது. காவலர் அவனைப் பிடித்துச் சென்றனர். ஆட்டம் தொடர்ந்தது. இங்கிலாந்து 3, ஜெர்மனி 0.

நான் நாடகக்காரன். திரை எப்போது தூக்கவேண்டும், விளக்கு யார் முகத்தில் விழவேண்டும் என்று கணக்குப் பார்த்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தால் சொல்கிறேன்: அன்றைய நாடகத்திலே கதாநாயகன் பந்தன்று, கொடி. கோல் கம்பத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது; கொடிக் கம்பத்தைக் காட்ட ஹிட்லர் ஆளனுப்பினான். தோற்றாலென்ன, வென்றாலென்ன? நாகரிக நாட்டார் எங்களோடு கைகுலுக்குகிறார்கள் பார் என்று தன் மக்களிடம் காட்ட அவனுக்கொரு படம் தேவை, கிடைத்தது. 1938-இல், ஆஸ்திரியாவை விழுங்கிய இரண்டே திங்களில், பெர்லின் நகரிலே இன்னும் நல்ல படமே கிடைத்தது. இங்கிலாந்து ஆட்டக்காரர்களே நாஜி முறையில் கைநீட்டி நின்றார்கள். தூதரும் சங்கத்துப் பெரியவர்களும் அப்படி நிற்கச் சொன்னார்கள்! அன்றும் 6க்கு 3 என்று வென்றது இங்கிலாந்துதான். இன்று அந்த 6 கோல்களை நினைப்பார் யார்? அந்தக் கைகளைத்தான் உலகம் நினைக்கிறது.

"ஆட்டக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்டாரே தம்பி, அவருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஜூலியஸ் ஹிர்ஷ். யூதர். 1911 முதல் 1913 வரை ஜெர்மனிக்காக ஏழு பந்தயங்கள் ஆடியவர். நெதர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு கோல் போட்டவர். முதல் உலகப் போரில் அந்த நாட்டுக்காகவே துப்பாக்கியும் தூக்கியவர். 1933-இல், யூத உறுப்பினரை நீக்கத் தென்ஜெர்மன் கழகங்கள் முடிவு செய்தன என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்தார். அவர்கள் தள்ளுமுன் தாமே தம் கழகத்தை விட்டு விலகினார். 1943-இல் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டார். திரும்பவில்லை.

இப்போது சொல்லுங்கள். டாட்டன்ஹாமுக்கு வந்தது ஜெர்மன் குழுவா? ஹிர்ஷ் போன்றாரைக் கழித்துவிட்டு மிச்சமிருந்த குழு அது! ஒரு குழுவை அழைக்குமுன், வந்தவர் யார் என்று கேட்டால் போதாது; வரவிடாமல் தடுக்கப்பட்டவர் யார் என்றும் கேட்கவேண்டும். என் அளவுகோல் இதுதான். இதனை வைத்துக்கொண்டு, நாம் விரும்பாதவரை மட்டும் அளந்துவிட்டு, விரும்பியவரை அளக்காமல் விட்டால் அது யோக்கியமாகாது. ஆகவே அடுத்த கதை, இடதுசாரித் தோழர்களுக்குக் கசக்கும் கதை.

1945 நவம்பர். போர் முடிந்த களிப்பு. மாஸ்கோ டைனமோ பிரிட்டன் வந்தது. செல்சீ ஆடுகளத்திலே மக்கள் வெள்ளம், கூரையிலும் ஆட்கள். டைனமோ ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு மலர்க்கொத்தோடு வந்து எதிரணியினர் கையிலே தந்தார்கள். மூன்றுக்கு மூன்று என்று முடிந்தது ஆட்டம். ஆனால் டைனமோ யாருடைய கழகம்? சோவியத்து ரகசியப் போலீசாரின் கழகம். அதன் பெரும்புரவலன் பெரியா. அந்த நேரத்தில், போட்டிக் கழகமான ஸ்பார்ட்டக்கை நிறுவிய நிகோலாய் ஸ்டாரோஸ்டின் எங்கே? உடன்பிறந்தார் மூவரும் தாமுமாக 1942-இல் கைதாகிக் கட்டாய உழைப்பு முகாமிலே! மலர்க்கொத்தை வாங்கியவர் எவரும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை.

கூரையேறிப் பார்த்த இலண்டன் தொழிலாளியை நான் குறை சொல்லேன். ஹிட்லரின் படையை முறித்த மக்களைக் காண வந்தவன் அவன்; அவனுக்கு உண்மை தெரியவும் வழியில்லை. தெரிந்த பெருமக்கள் இருந்தார்களே, அவர்கள் வாய்மூடி நின்றதுதான் குற்றம்.

வாய் திறந்த கழகமும் உண்டு. 1968 ஆகஸ்டில் சோவியத்துப் படையும் அதன் கூட்டாளிகளின் படைகளும் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்தன. ஐரோப்பியக் கோப்பையிலே ஸ்காட்லாந்தின் செல்ட்டிக் கழகத்துக்கு ஹங்கேரியின் பெரன்ஸ்வாரோஷ் எதிரணியாக விழுந்திருந்தது. ஹங்கேரிப் படையும் புகுந்த படைகளில் ஒன்று. செல்ட்டிக் தலைவர் ராபர்ட் கெல்லி, ஆடமாட்டோம் என்று அறிவித்தார். ஐரோப்பியச் சங்கம் குலுக்கலை மாற்றிக் கிழக்கையும் மேற்கையும் பிரித்தது. சினங்கொண்டு கிழக்கத்திய நாடுகள் பலவும் விலகிக்கொண்டன. விலகாமல் ஆடியது எது தெரியுமா? படையெடுப்புக்கு ஆளான செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்பார்ட்டக் த்ர்னாவா! அரையிறுதிவரை சென்றது அந்தக் கழகம். அவர்களையும் சேர்த்து ஒதுக்கியிருந்தால் அது எத்தனை பெரிய அநீதி! அடிப்பவனையும் அடிபட்டவனையும் ஒரே கயிற்றில் கட்டுகிற பகிஷ்காரம் எனக்கு உடன்பாடன்று.

சிலி நாட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். விரித்துச் சொல்ல மனம் வரவில்லை. 1973 செப்டம்பர் 11-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சாந்தியாகோவின் தேசிய விளையாட்டரங்கம் சிறையாயிற்று, ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டனர், வதைபட்டனர், சிலர் கொல்லப்பட்டனர். அந்த அரங்கிலே உலகக் கோப்பைத் தகுதிப் பந்தயம்! பன்னாட்டுச் சங்கத்தார் நேரில் வந்து பார்த்தார்கள். புல்தரை நன்றாயிருக்கிறது என்றார்கள். சோவியத்துக் குழு அங்கே வர மறுத்தது. தன் வீட்டு முகாம்களை மறைத்தவன் அடுத்த வீட்டு முகாமைச் சுட்டுகிறான் என்று சிரிக்கலாம். ஆயினும் சுட்டியது உண்மையைத்தானே! நவம்பர் 21-இல் சிலி வீரர்கள் எதிரே ஆளின்றிப் பந்தை உருட்டிச் சென்று வெறும் வலைக்குள் கோல் போட்டார்கள். அந்தக் குழுவிலிருந்த கார்லோஸ் காஸெலி, பின்னர் சர்வாதிகாரி பினோசே நீட்டிய கையைப் பற்ற மறுத்தார். அவருடைய தாயாரைப் பிடித்துச் சென்று வதைத்தார்கள். ஆட்டக்காரன் என்ன செய்வான் என்பதற்கு அவரும் ஒரு விடை. அந்த விலையை எல்லாரும் கொடுக்கவேண்டுமென்று கேட்க எனக்கு உரிமையில்லை.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை தெளிவு. "எங்களை ஒதுக்கி அமைத்த குழுவை அழைக்காதீர்" என்று ஒதுக்கப்பட்டவர்களே கேட்டார்கள். அதைக் கேளாமல், 1935-இலும் 1938-இலும் இங்கிலாந்துச் சங்கத்தின் செயலாளராயிருந்த அதே ஸ்டான்லி ரௌஸ், பன்னாட்டுச் சங்கத் தலைவராகி, 1963-இல் அந்நாட்டுக்குச் சென்று வந்து விலக்கை நீக்க வழி செய்தார். 1964-இல் மீண்டும் விலக்கு, 1976-இல் வெளியேற்றம். ராபன் தீவுச் சிறையிலே கைதிகள் மக்கானா என்ற பெயரில் சங்கம் அமைத்து, பன்னாட்டு விதிப்படி பந்தாடினார்கள். பந்தை வெறுத்தவர்களா அவர்கள்?

தம்பீ! பந்தாட அழைப்பதற்குமுன் அங்கே ஒடுக்கப்பட்டவர் என்ன கேட்கிறார் என்று விசாரி. வரவழைத்தால் அரசுக்கொடி, அமைச்சர், வாழ்த்துரை எதுவும் வேண்டாமென்று நிபந்தனை போடு. அதற்கு உடன்படாதவன் பந்தாட வரவில்லை.

இன்றோ விருந்தாளியே வீட்டுக்காரராகிவிட்டார். 2021 அக்டோபரில் நியூகாசில் யுனைட்டெட் கழகத்தின் 80 விழுக்காட்டுப் பங்கை சவூதி அரசின் முதலீட்டு நிதியம் வாங்கியது. ரசிகர் பலர் ஆடிப்பாடினர். சிலர் எதிர்த்துக் குரலெழுப்பினர். 2023 செப்டம்பரில் சவூதி தேசியக் குழு நியூகாசில் ஆடுகளத்துக்கே வந்து, கோஸ்டாரிக்காவோடும் தென்கொரியாவோடும் ஆடியது, இரண்டிலும் தோற்றது. 52 ஆயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கிலே இருக்கைகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன.