மதிப்பெண் கோப்பில் எழுத ஒருவருக்கு மட்டும் அனுமதி

(கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினிப் பாடம் எடுக்காத சிலரும் வந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். வருகைப் பதிவேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற எல்லோருக்கும் இந்தச் செய்தி பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளியில், அரையாண்டு மதிப்பெண்களை ஆய்வகத்து லினக்ஸ் கணினியில் ஒரு கோப்பாக வைத்திருந்தோம். உரிமையாளரான வகுப்பாசிரியை எழுதலாம். ஆசிரியர் குழு படிக்கலாம். மற்றவருக்கு எதுவும் இல்லை. எண்ணில் சொன்னால் 640. வகுப்பாசிரியை மகப்பேறு விடுப்பில் சென்றார். பதிலுக்கு வந்த ஆசிரியை அந்தக் கோப்பில் எழுத வேண்டும். நான் அவசரத்தில் அதை 666 ஆக்கினேன். கணக்கு வைத்திருக்கும் எவரும் எழுதலாம் என்றாகிவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு மாணவியின் கணித மதிப்பெண் மாறியிருந்தது. அன்று கடைசியாக அந்தக் கணினியில் உட்கார்ந்த பையனை அழைத்து விசாரித்தேன். அழுதுவிட்டான். பிறகுதான் தெரிந்தது, வேறு பிரிவு ஆசிரியர் ஒருவர் தம் பட்டியல் என்று நினைத்து அதில் பதிந்திருக்கிறார். பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்றான். எனக்கு அப்படி இருக்கவில்லை.

உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்று பெட்டிகளில் 'இந்த ஓர் ஆசிரியைக்கு மட்டும்' என்று எழுத இடமில்லை. அந்த இடத்தைத் தருவதுதான் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். சுருக்கமாக ஏசிஎல். போசிக்ஸ் தரமாக இதைக் கொண்டுவரும் முயற்சி 1998இல் கைவிடப்பட்டது, வரைவோடு நின்றது. ஆனாலும் அந்த வரைவைப் பின்பற்றியே லினக்ஸில் இது வேலை செய்கிறது.

செட்எஃப்ஏசிஎல் என்ற ஒரு வரிக் கட்டளையே போதும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் சி மொழியில் ஒருமுறை எழுதிப் பார்த்தால்தான் பட்டியலுக்குள் என்ன இருக்கிறது என்பது புரியும். செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்பின்படி சொல்கிறேன்.

முதலில் ஏசிஎல்_கெட்_ஃபைல், இருக்கும் பட்டியலை நினைவகத்துக்குக் கொண்டுவரும். அடுத்து ஏசிஎல்_கிரியேட்_என்ட்ரி, புதிய வரி சேர்க்கும். இதற்குப் பட்டியலை அப்படியே தரக்கூடாது, அதன் முகவரியைத் தர வேண்டும். வரி சேரும்போது பட்டியல் நினைவகத்தில் இடம் மாறக்கூடும். சுட்டிக்குச் சுட்டி எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை நான் கண்டதில்லை. பிறகு அந்த வரி 'பயனர்' வகை என்று குறித்து, ஆசிரியையின் பயனர் எண்ணைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் பிழை. அதன்பின் படிக்க, எழுத அனுமதி. இறுதியில் ஏசிஎல்_செட்_ஃபைல் வழியாகக் கோப்பில் பதித்து, ஏசிஎல்_ஃப்ரீ கொண்டு நினைவகத்தை விடுவிக்க வேண்டும். தொகுக்கும்போது லிப்ஏசிஎல் நூலகத்தை இணைக்க மறவாதீர்கள்.

நான் முதலில் எழுதிய நிரல் பதிக்கும் இடத்தில் தோற்றது. காரணம் 'மாஸ்க்' என்ற வரி. பெயர் சொல்லி ஒருவரைச் சேர்த்தால் அந்த வரி கட்டாயம். இல்லையென்றால் பட்டியலே செல்லாது. பதிக்கும் முன் ஏசிஎல்_கால்க்_மாஸ்க் அழைத்தால் அது தானே உருவாகிவிடும்.

மாஸ்க் என்பது உச்சவரம்பு. உரிமையாளரையும் மற்றவரையும் அது தொடாது. பெயர் சொல்லிச் சேர்த்தவர்களும் குழுவினரும் அதைத் தாண்ட முடியாது. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. பட்டியல் உள்ள கோப்பை எல்எஸ் கட்டளையில் பார்த்தால் இறுதியில் ஒரு கூட்டல் குறி தெரியும். குழுவின் இடத்தில் தெரிவது குழுவின் அனுமதி அல்ல, மாஸ்க். குழு எழுதலாம்போலத் தோன்றும். பதறிப்போய் யாராவது மீண்டும் 640 என்று மாற்றினால் மாஸ்க் குறைந்து, அந்த ஆசிரியையால் எழுத முடியாமல் போகும். பட்டியலில் அவர் பெயரும் அனுமதியும் அப்படியே இருக்கும்! கெட்எஃப்ஏசிஎல் கட்டளை கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இன்னொன்று. பெயர் சொல்லி எழுதிய வரியைக் குழுவுக்கு முன்பே கணினி பார்க்கிறது. ஆகவே குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் விலக்கவும் முடியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். சாதாரண முறையில் நகலெடுத்தால் நகலுக்குப் பட்டியல் வராது. ஃபேட் வடிவப் பென்டிரைவில் அது நிற்கவே நிற்காது. ரூட் பயனரை எந்தப் பட்டியலும் தடுக்காது. யார் மாற்றினார் என்ற பதிவையும் இது வைப்பதில்லை. அன்று இது இருந்திருந்தால் அந்த வேறு பிரிவு ஆசிரியரால் எழுதியிருக்க முடியாது. நான் அந்தப் பையனை அழைத்திருக்கவும் மாட்டேன்.

உங்கள் மேசைக் கணினியில் மூன்று பயனர் கணக்குகள் உருவாக்கி வைத்திருக்கிறேன். முதலில் மாஸ்க் இல்லாமல் நிரலை ஓட்டுங்கள். என்ன பிழை வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.