பெயரை மூடிவிட்டு வாசித்தபோது
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் 1982ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் ஐந்து நிமிடம் பேசும்படி கேட்டார்கள். பேச்சுக்குப் பதில் ஒரு சின்னக் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறோம். 1982 டிசம்பரில் பரீட்சை முடிந்த கையோடு வகுப்பைச் சுற்றி வந்த ஓட்டோகிராப் இது. ரோஸ், மஞ்சள், பச்சைத் தாள்கள். எழுதியிருப்பதில் ஒரு விசேஷமும் இல்லை. 'என்னை மறவாதே' என்றுதான் எல்லோரும் எல்லோருக்கும் எழுதினோம். போன மாதம் வெள்ளவத்தையில் ஒருத்தியின் வீட்டில் கூடியபோது, பெயரைக் கையால் மூடிவிட்டுப் பக்கம் பக்கமாகக் காட்டினோம். ஒருவரைக்கூடத் தவறவிடவில்லை! கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவளின் எழுத்து இடப்பக்கம் சரிந்திருக்கும். பஸ்ஸில் வீட்டுவேலை செய்த பழக்கம் என்று ரீச்சர் ஏசுவார். இன்னொருத்தி 'ழ'வுக்கு அடுத்த வரி வரை வால் விடுவாள்.

இரட்டை றூள் கொப்பியில் ரீச்சர் சிவப்பு மையால் ஒரு வரி எழுதித் தருவார். அதைப் பார்த்துப் பத்துத் தரம் எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரிதான். எழுத்து மட்டும் ஒருவருக்கும் ஒன்றுபோல வரவில்லை. கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தட்டச்சில் இல்லாத அளவு தொடர்பு உண்டாகிறது என்று நோர்வேயின் துரொன்ஹெய்மில் 36 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. நல்லது. ரீச்சர் பிரம்போடு நின்று அதைத்தான் சொன்னார்.

ஏழு மாதத்தில் 1983 ஜூலை வந்தது. எங்களில் பலருடைய வீடுகள் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்துவிட்டுக் காங்கேசன்துறைக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் போயின. இந்தக் கொப்பி மட்டும் எப்படித் தப்பியது? இதன் சொந்தக்காரி, பூப்படம் கீறித் தரச் சொல்லிப் பக்கத்து வீட்டுச் சிங்களத் தோழியிடம் கொடுத்திருந்தாள். அவள் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்தாள். அவள் சிங்களத்தில் எழுதிய பக்கமும் இதில் இருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் கடிதங்களில்தான் வாழ்ந்தோம். ஏரோகிராமின் ஓரங்களிலும் மடிப்பிலும்கூட இடம் விடாமல் எழுதினோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசியும் மின்சாரமும் நின்றன. கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து கொழும்புக்கு வருகிறவர்கள் கையில் கடிதம் கொடுத்துவிடுவார்கள். 1993இல் எங்கள் 'ழ' வால்காரியிடமிருந்தும் ஒன்று வந்தது. கொப்பித் தாளில் எழுதியிருந்தாள். 'இங்கு எல்லோரும் சுகம்' என்றிருந்தது. எழுத்து அப்படிச் சொல்லவில்லை. வரிகள் கீழே இறங்கிப் போயிருந்தன. 'ழ'வுக்கு வாலும் இல்லை. அடுத்த வருடம் நோயில் அவள் போய்விட்டாள். அவளுடைய குரல் எங்களில் எவரிடமும் பதிவாக இல்லை.

கைக்குழந்தையாக இருந்த மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். அந்தக் கடிதத்தைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். சனிக்கிழமை வகுப்பில் தமிழ் படித்த பிள்ளை, அச்சுத் தமிழ் நன்றாக வாசிப்பாள். தாயின் எழுத்தில் தடுக்கி நின்றாள். 'லை', 'னை' எல்லாம் பழைய தும்பிக்கையோடு இருந்தன. 1978இல் தமிழ்நாட்டு அரசு அவற்றை மாற்றியது. எங்கள் கை மாறவில்லை. புள்ளியில்லாத ஏடுகளை வைத்துக்கொண்டு சி.வை. தாமோதரம்பிள்ளை பட்ட பாட்டைப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவை பல தலைமுறை பழைய ஏடுகள். இது முப்பதே வருடக் கடிதம்.

தொலைபேசியில் ஒரு மணி நேரம் கூடவிருந்து எழுத்தெழுத்தாக வாசித்துக் கொடுத்தோம். நடுவில் கேட்டாள்: "அன்ரி, இந்த இடத்தில ஏன் எழுத்து மங்குது?"

"பேனை முடிஞ்சிருக்கும் பிள்ளை. அங்காலை அம்மா பென்சிலாலை எழுதியிருக்கிறா."

கன நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தத் தாளையே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அனுப்பிவிட்டோம். எங்களிடம் இப்போது அதன் படம்தான் இருக்கிறது.

உலகமெங்கும் இருக்கிற சகோதரிகளே, உங்கள் அலுமாரிகளிலும் பெட்டிகளிலும் இப்படிக் கடிதங்கள் இருக்கும். வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, வாசித்துக் காட்ட உங்களால் முடிகிற காலத்திலேயே வாசித்துக் காட்டுங்கள். யார் எழுதியது, எந்த ஊரிலிருந்து, எந்த வருடம் என்று ஒரு துண்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

மண்டப வாசலில் ஒரு புதுக் கொப்பி வைத்திருக்கிறோம். கையொப்பம் மட்டும் போட்டுவிட்டு ஓடாமல் நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு கண்ணாடியும் அங்கே இருக்கிறது.