தோட்டத்தில் தந்த துணை

(தமிழ் வானொலியில் ஞாயிறு காலைச் சிந்தனையாக ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தாங்ஸ்கிவிங் விடுமுறை முடிந்துவிட்டது. ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் மேப்பிள் இலைகள் வளவு நிறையக் கொட்டிக் கிடக்கின்றன. சனிக்கிழமை பின்னேரம் வீதியால் போனால், வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் ரேக்கும் கையுமாக நிற்பதைக் காணலாம். வாசலில் பழுப்புக் கடதாசிப் பைகள் வரிசையாக நிற்கும். நவம்பர் முதல் ஞாயிறு வந்தால் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகு வேலையால் வீடு வந்து சேர முன்னரே இருட்டிவிடும். அதனால் எல்லோருக்கும் ஓர் அவசரம்.

இன்றைக்கு இந்த இலை வாரும் வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேசப்போகிறேன். "சுவாமிக்கு இதில் என்ன தெரியும்?" என்று சிரிப்பீர்கள். வீடு மந்திரிக்கவும், நோயாளருக்கு நற்கருணை கொண்டுவரவும் உங்கள் வீடுகளுக்கு வருகிறவன் நான். வாசலில் நின்று மணியை அடிக்க முன்னர், பின்வளவில் இருந்து வரும் சத்தம் என் காதிலும் விழும்.

அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "இஞ்சாருங்கோ, பையை நேராய்ப் பிடியுங்கோவன்." "நான் நேராய்த்தான் பிடிக்கிறன். நீர் ஒரு பக்கமாய்ப் போட்டால் அது சரியத்தானே செய்யும்." "போன வருசமும் இதைத்தான் சொன்னனீங்கள்." இப்படியே போகும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இந்த வேலைகளில் பல, இரண்டு பேருக்கென்றே அளவெடுத்ததுபோல் இருக்கின்றன. கடதாசிப் பையின் வாயை ஒருவர் விரித்துப் பிடிக்க, மற்றவர் அள்ளிப் போட வேண்டும். கூரைப் பீலியில் அடைத்திருக்கும் இலையை எடுக்க ஒருவர் ஏணியில் ஏறினால், மற்றவர் கீழே நின்று ஏணியைப் பிடிக்க வேண்டும். வெளியே இருக்கும் தண்ணீர்க் குழாயைக் குளிருக்கு முன்னர் மூட வேண்டும். ஒருவர் நிலக்கீழ் அறைக்குள் நின்று பூட்ட, மற்றவர் வெளியே நின்று தண்ணீர் வடிந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோடை முழுக்க வெளியில் நின்ற கறிவேப்பிலைச் சாடியை, பனி கொட்ட முன்னர் வீட்டுக்குள் தூக்கிவர வேண்டும். மண்ணோடு அது என்ன பாரம் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும்.

இனித் திருவிவிலியத்தைத் திறந்து, தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்துக்குப் போவோம். எல்லோருக்கும் தெரிந்த பகுதிதான். ஆனால் அங்கே காரியங்கள் நடக்கும் ஒழுங்கைப் பாருங்கள். கடவுள் ஏதேனில் ஒரு தோட்டத்தை உண்டாக்குகிறார். பதினைந்தாம் வசனத்தில் மனிதனை அந்தத் தோட்டத்தில் கொண்டுவந்து விடுகிறார். எதற்காக? அதைப் பண்படுத்திப் பாதுகாப்பதற்காக. அதற்குப் பின், பதினெட்டாம் வசனத்தில்தான் மனிதன் தனிமையாக இருப்பது நல்லதல்ல என்று சொல்லி, அவனுக்கு ஏற்ற துணையை உருவாக்க நினைக்கிறார்.

வேலை முதலில் வந்தது. துணை பிறகு வந்தது. மண்டபமும் மணவறையும் அங்கே இல்லை. செய்ய வேண்டிய தோட்ட வேலை இருந்தது. அந்த வேலைக்குள்தான் கடவுள் இந்த இரண்டு பேரையும் ஒன்றுசேர்த்தார். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து வளவைத் துப்பரவாக்குவது, திருமணத்தில் கடவுள் முதல்முதல் வைத்த காரியங்களில் ஒன்று என்று நான் துணிந்து சொல்லுவேன்.

சிலர் நினைப்பார்கள், வேலை என்பது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று. அது சரியல்ல. பாவம் மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அப்போது வேலையோடு முள்ளும் களைப்பும் வியர்வையும் சேர்ந்துகொண்டன. ஆனால் அதற்கும் முன்னர் வந்த ஒன்று இருக்கிறது. கடவுள் கேள்வி கேட்கிறார். ஆதாம் உடனே ஏவாளைக் கைகாட்டுகிறான். அதோடு நிற்காமல், அவளைத் தந்த கடவுளையும் சேர்த்துக் கைகாட்டுகிறான். ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறாள். முள் முளைப்பதற்கு முன்னரே குற்றச்சாட்டு முளைத்துவிட்டது.

அன்பானவர்களே, எங்கள் வீடுகளைக் களைக்கச் செய்வது இலை வாரும் வேலையா, இந்தக் கைகாட்டும் பழக்கமா? "உங்களாலைதான் இப்பிடி", "உம்மாலைதான் அப்பிடி" என்ற பேச்சு இல்லாவிட்டால், அதே வேலை பாதிப் பாரமாகிவிடும்.

எங்கள் சனத்துக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. பலர் போருக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்தீர்கள். வந்த நாளில் இருந்து ஓட்டந்தான். அவர் இரவு வேலை, இவ பகல் வேலை. ஒருவர் வீட்டுக்குள் வர மற்றவர் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிடுவார். பேச வேண்டியதைக் கடதாசியில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன குடும்பங்கள் எத்தனை! "கறி சூடாக்கவும். பிள்ளைக்கு நாலு மணிக்கு ரியூசன்." அப்படியே வீட்டுக் கடன் கட்டினீர்கள், பிள்ளைகளைப் படிப்பித்தீர்கள், ஊரில் இருந்தவர்களுக்கும் அனுப்பினீர்கள். அது சின்ன அன்பு அல்ல. கடவுள் அதைக் கணக்கில் வைத்திருக்கிறார்.

இப்போது பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வேலையும் குறைந்துவிட்டது. பெரிய வீட்டுக்குள் இரண்டு பேர். அவர் மேலே தொலைக்காட்சிக்கு முன்னால், இவ கீழே கைத்தொலைபேசியோடு. சண்டை ஒன்றும் இல்லை. பேச்சும் இல்லை. "எங்களுக்குள்ளே பிரச்சினை இல்லை சுவாமி, ஆனால் கதைக்கிறதுக்கு ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. முப்பது வருடம் சேர்ந்து பாரம் சுமந்தவர்கள், பாரம் இறங்கின பிறகு ஒருவருக்கு ஒருவர் அந்நியராகலாமா?

வளவில் கிடக்கும் அந்த மஞ்சள் இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்த மஞ்சள் இப்போது புதிதாக வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது கோடை முழுவதும் இலைக்குள் இருந்தது. வெயிலில் உணவு தயாரிக்கும் பச்சையம் நிறைந்திருந்தபடியால் அது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பகல் குறுகி, குளிர் தொடங்கியதும் மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை கலைய, மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மேப்பிள்கள் அந்த நேரத்தில்தான் சிவப்பையும் புதிதாக உண்டாக்குகின்றன.

உங்கள் வீட்டிலும் அப்படித்தான். உழைப்பும் ஓட்டமும் என்ற பச்சை இத்தனை வருடமாக எல்லாவற்றையும் மூடியிருந்தது. உங்கள் மனுசனுக்குள் ஒரு பகிடிக்காரன் இருந்திருப்பான். உங்கள் மனுசிக்குப் பாட்டுப் பாடத் தெரிந்திருக்கும். அது எங்கேயும் போகவில்லை. பார்ப்பதற்கு இப்போதுதான் நேரம் கிடைத்திருக்கிறது. நேருக்கு நேர் இருந்து கதைக்கச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு வெட்கம் வரும், வாய் வராது. பக்கத்தில் நின்று கையால் ஒரு வேலை செய்தால் வாய் தானாகத் திறக்கும். இலை வாரிக்கொண்டு நிற்கும்போதுதான் ஊரில் வேப்பமரத்தடி கூட்டின கதை வரும். அம்மாவின் கதை வரும். இவ்வளவு காலமும் சொல்லாத ஒரு கவலையும் வரக்கூடும். அப்போது ரேக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். மிச்ச இலை நாளைக்கும் அங்கேதான் கிடக்கும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு மணித்தியாலம் வளவில் வேலை செய்கிறீர்கள். முடிந்ததும் நீங்கள் கதிரையில் சாய்ந்து, "தேத்தண்ணி ஒன்று கொண்டுவாரும்" என்கிறீர்கள். அவவுக்கும் அதே முதுகுதானே நோகிறது? அன்றைக்குத் தேத்தண்ணியை நீங்கள் போடுங்கள். சீனி கூடிப்போனாலும் பரவாயில்லை. தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. அவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தால், முதல் மிடறிலேயே பிழை பிடிக்க வேண்டாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களுக்கு மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார். தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்ச்சி' என்ற ஊக்கவுரையிலும் இந்த மூன்றையும் குறிப்பிட்டார். எங்கள் தமிழ் வீடுகளில் கணவன் மனைவிக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. "அவ என்ர மனுசிதானே, அவவுக்கென்ன நன்றி" என்பார்கள். கடைக்காரனுக்கும் பேருந்துச் சாரதிக்கும் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் நன்றி சொல்கிறோம். ஏணியை இறுக்கிப் பிடித்து எங்கள் உயிரைக் காப்பாற்றுகிறவருக்குச் சொல்லக் கூடாதா?

ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீடுகளும் உண்டு. அங்கே சேர்ந்து இலை வாருவது மருந்தாகாது. அப்படி வாழ்கிறவர்கள் அதை மூடி வைக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். எங்களிடம் வாருங்கள். அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பதைத் திருச்சபை பிரமாணிக்கம் என்று சொல்வதில்லை.

இன்னும் சிலர் இதைத் தனியாக இருந்து கேட்டுக்கொண்டிருப்பீர்கள். கராஜுக்குள் இரண்டு ரேக் தொங்கும். ஒன்றை எடுக்க ஆளில்லை. நவம்பர் 2ஆம் திகதி இறந்தோர் அனைவரையும் நினைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். உங்கள் துணையின் பெயரும் அந்தப் பலிபீடத்தில் இருக்கும். துணையோடு இருக்கிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் வளவு முடிந்ததும், அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் அந்த அம்மாவின், அந்த ஐயாவின் முற்றத்தையும் இரண்டு பேருமாகப் போய்த் துப்பரவாக்கிக் கொடுங்கள். கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கி வைத்துவிடுங்கள். கொஞ்சநேரம் இருந்து கதைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, வாரின இலை எல்லாவற்றையும் பையில் கட்டிவிடாதீர்கள். கொஞ்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதத்தில்தான் இங்கே உள்ளி நடுவார்கள். ஒருவர் குழி தோண்ட, மற்றவர் உள்ளிப் பல்லின் கூர் மேலே பார்க்கும்படி வைத்து மண்ணை மூடினால், அதற்கு மேலே அந்த இலைகளைப் போர்வையாகப் போடலாம். அதற்குப் பிறகு பனி கொட்டும். நிலம் உறையும். ஒன்றும் நடக்காதது போலிருக்கும். ஆனால் உள்ளிக்கு அந்தக் குளிர் வேண்டும். போதிய குளிர் படாத உள்ளி, பல்லுப் பல்லாகப் பிரியாமல் ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். குளிரைக் கடந்த உள்ளியோ வசந்தத்தில் முளைவிட்டு, ஜூலையில் முழுப்பூடாகக் கைக்கு வரும்.

நீங்கள் இரண்டு பேரும் பல குளிர்காலங்களைக் கடந்தவர்கள். இன்னும் சில வரலாம். நோய் வரலாம், மறதி வரலாம். இப்போது பக்கத்தில் நிற்கும் அந்த ஒருவரைக் கடவுள் தோட்டத்தில் வைத்துத் தந்த துணையாகப் பாருங்கள். ஏதேனில் மென்காற்று வீசும் வேளையில் கடவுள் தோட்டத்தில் உலாவினார் என்று தொடக்கநூல் சொல்கிறது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம், உங்கள் இலைக் குவியலுக்குப் பக்கத்தாலும் அவர் நடந்து போவார். அந்த நேரம் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டு நிற்காமல், ஒரு பையை இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.