ஏரிக்கரையும் இரண்டு பாட்டும்



நிலம் பாட்டைத் தருகிறது என்பர். பாட்டும் நிலத்தைத் தருவதுண்டு. இதற்குச் சான்று தேடுவோர்க்கு ஸ்காட்லாந்தின் மலைநாடு தக்கதோர் இடம். கோடை விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளுமாக அங்குச் சென்று, கோட்டைகளையும் ஏரிகளையும் கண்டு களிக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. அவ்வழக்கம் வளர்ந்த கதையில் ஒரு கவிஞருக்குப் பெரும்பங்கு உண்டு.

1810-இல் வால்டர் ஸ்காட் 'ஏரியின் நங்கை' என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். அதன் களம் காத்ரின் ஏரி. பாட்டைப் படித்தவர்கள் வண்டி கட்டிக்கொண்டு அவ்வேரியைக் காணப் புறப்பட்டனர். அவர்கள் தேடிச் சென்றது நீரை மட்டுமன்று. கதைத்தலைவி படகு செலுத்திய துறையையும் அவள் வாழ்ந்த தீவையும் தேடினர். 1899-இல் கட்டப்பட்டு அவ்வேரிக்கென்றே அமைந்த நீராவிக் கப்பலும் அக்கவிஞர் பெயரையே தாங்கியது.

பாட்டு திறந்த வழியில் அரச குடும்பமும் சென்றது. 1847-இல் விக்டோரியா அரசியார் கணவரோடும் மூத்த பிள்ளைகள் இருவரோடும் லாகன் ஏரிக்கரையில் விடுமுறையைக் கழித்தார். பின்னர்ப் பால்மோரலில் நிலம் வாங்கப்பட்டு, 1856-இல் புதிய மாளிகை எழுந்து முடிந்தது. மலைநாட்டு நாட்களைப் பற்றிய அரசியாரின் குறிப்புகள் 1868-இல் நூலாக வெளிவந்து பலராலும் விரும்பிப் படிக்கப்பட்டன.

அதே 1847, அம்மலைநாட்டு ஏழை உழவர் பசியில் வாடிய ஆண்டுமாகும். முந்தைய ஆண்டில் தொடங்கிய நோய் அவர்தம் உருளைக்கிழங்குப் பயிரை அழித்திருந்தது. அதற்கும் முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு, ஆட்டுப் பண்ணையே மிகுந்த குத்தகை தரும் எனக் கண்ட நிலக்கிழார்கள் ஊர் ஊராகக் குடிகளை வெளியேற்றி வந்தனர். வெளியேறியோர் கடலோரக் கரம்புகளிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறினர். எஞ்சிய சிறுகுடிகளுக்குக் குடியிருப்பு உரிமை தந்த சட்டம் 1886-இல்தான் வந்தது. ஆகவே, விடுமுறைக்கு வருவோர் வியந்து போற்றும் பேரமைதி முழுவதும் இயற்கையின் கொடையன்று. ஊர்கள் வெறுமையானதால் வந்த அமைதியும் அதனுள் உண்டு.

கோட்டைகளின் விதி வேறு. நெஸ் ஏரிக்கரையிலுள்ள அர்க்கர்ட் கோட்டை, பகைவர் கைக்குப் போகலாகாதென்று 1692-இல் காவற்படையினராலேயே வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் இடிபாடு இன்றும் பேணப்படுகிறது. மூன்று கடலேரிகள் கூடுமிடத்தில் நிற்கும் எய்லன் டொனான் கோட்டை 1719-இல் அரசுக் கடற்படையால் அழிக்கப்பட்டது. ஏறத்தாழ இருநூறாண்டு பாழ்பட்டுக் கிடந்த அதனை 1912 முதல் 1932 வரை உழைத்து மீண்டும் எழுப்பினர். இன்று பிள்ளைகள் அதன் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கோட்டையை மீட்கப் பொருளுடையார் வருவர். குடிசையை மீட்க யார் வருவர்?

ராசே என்னும் தீவில் ஹல்லேக் என்றோர் ஊர் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவ்வூரார் வெளியேற்றப்பட்டனர். அத்தீவில் 1911-இல் பிறந்த சோர்லி மெக்லீன், தம் தாய்மொழியாகிய கேலிக்கில், அவ்வூரின் பெயரையே தலைப்பாக்கி ஒரு பாட்டு எழுதினார். 1954-இல் வெளிவந்த அப்பாட்டில், போனவர்கள் திரும்பி வருகின்றனர். கன்னியர் மரச்சோலையாகின்றனர், காலம் மானுருக் கொள்கிறது. கல்லும் சுண்ணமும் கொண்டு எவரும் கட்டித் தராத ஊரைச் சொல் கட்டித் தந்தது.

ஸ்காட்டின் பாட்டிலும் மனிதர் உண்டு. ஆயின் அவர்கள் பதினாறாம் நூற்றாண்டு மன்னரும் மறவரும் ஆவர். கவிஞரின் காலத்திலேயே வீடிழந்துகொண்டிருந்த உழவருக்கு அதில் இடமில்லை. அழகிய பாட்டுத்தான், அது காட்டிய ஏரியும் மெய்யான ஏரிதான். எனினும் மெக்லீனைப் படித்தபின் அதே மலைச்சரிவைக் காண்பவருக்கு, புல் மூடிய மேடுகள் வீட்டுச் சுவர்களாகத் தெரியத் தொடங்கும்.

தமிழுக்கு இது புதிய பாடமன்று. நிலத்திற்குரிய கருப்பொருளைச் சொல்லவந்த தொல்காப்பியர் மரத்தோடும் விலங்கோடும் நில்லாமல் உணவையும் பறையையும் தொழிலையும் சேர்த்தே வைத்தார். உண்போரும் முழக்குவோரும் உழைப்போரும் இல்லையேல் அவ்வைப்புக்குப் பொருளில்லை. நீர்நிலையின் எழிலைப் பாட அமரும் கவிஞர், அதன் கரையில் முன்பு குடியிருந்தவர் யாவர் என ஒருமுறை வினவிவிட்டு எழுதுகோலை எடுப்பாராக.